ஷேடு அண்ணனின் இரண்டாவது அடுப்பு

கோழிக்கறி வெந்துவிட்டதா என்று பார்க்கக் கையில் புடவைத் துண்டோடு தெருவுக்கு ஓடும் மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஆரணியில் எனக்கு வீட்டுக்காரராக வாய்த்தார். வேண்டுமானால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. ரேஷன் கார்டைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். புடவை வியாபாரிகள் ஒரு நூலைக் கொண்டுவந்து 'இதே ஷேடு வேணும்' என்று நீட்டினால், அச்சு அசலாக அதே நிறத்தை எடுத்துக் கொடுப்பார். அதனால் ஊருக்கே ஷேடு அண்ணன். நான் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைக்காக ஆரணிக்கு வந்து அவர் வீட்டு மாடியில் குடியிருந்தவன்.

சாயக்காரர்கள் எதையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நம்ப மாட்டார்கள். நூலை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பார்த்தால்தான் அது உண்மையான நிறம். ஷேடு அண்ணன் இந்தச் சட்டத்தைக் கோழிக்கும் நீட்டித்துவிட்டார். மொட்டை மாடியில் அடுப்புக்கு மேலே பச்சை ஷீட் போட்டிருந்தார். அதன் கீழே என் முகமே பச்சையாகத்தான் தெரியும். எனவே இடுக்கியில் ஒரு தொடைக்கறியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கித் தெருவுக்கு ஓடுவார். மறு கையில் அரக்கு நிறப் புடவைத் துண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்குவார்.

"இன்னும் மாம்பழ கலர்லயே நிக்குது சார். அரக்குக்கு வரணும்."

அவர் மனைவி சரோஜா அக்கா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பார். "கறியத் தூக்கிகினு தெருவுல ஓடறாரு பாருங்க. என்னிக்காவது நாய் தொரத்தப் போவுது."

ஒரு நாள் துரத்தியது. அன்றைக்கு எங்களுக்கு ஒரு தொடை குறைந்தது.

அந்த அடுப்புக்குப் பெயர் கமாடோ. பீங்கானில் செய்த குண்டு முட்டை மாதிரி இருக்கும். உள்ளே கரி. மேலே ஒரு காற்றுத் துளை, கீழே ஒரு காற்றுக் கதவு. இரண்டையும் கூட்டிக் குறைத்துத்தான் சூட்டைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியது. முதல் நாளே அபார்ட்மென்ட்காரர்கள் புகை வருகிறது என்று சண்டைக்கு வர, அது லோடு வண்டி ஏறி மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

கமாடோவை ஓர் ஆளே பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். ஷேடு அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை.

"நெருப்பு வேலைன்னா எதிர்ல ஒரு ஆளு நிக்கணும் மாப்ளே. ஒத்த ஆளு செஞ்சா திட்டு விழும்."

அவர் சொன்னது சாயத் தொட்டிக் கணக்கு. பட்டு நூலைக் கம்பில் மாட்டிக் கொதிக்கும் தொட்டியில் இறக்கி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கம் கை சுணங்கினால் நூலில் திட்டுத் திட்டாக நிறம் பிடிக்கும். அண்ணனுக்கு அந்தப் பக்கம் ஆண்டுக்கணக்காக நின்றவர் ஏகாம்பரம். சரோஜா அக்காவின் அண்ணன், அதாவது இவருக்கு மச்சான்.

நான் குடிவந்தபோது இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது. பட்டறைக்குச் சாய மிஷின் வாங்கலாம் என்று ஏகாம்பரம் கேட்டிருக்கிறார். அண்ணன் முடியவே முடியாது என்றிருக்கிறார். வார்த்தை தடித்து, ஏகாம்பரம் கோட்டை மைதானத்துக்கு அந்தாண்டை தனியாக மிஷின் போட்டுப் பிரிந்து போய்விட்டார். நல்லது கெட்டதுக்கு வந்தால் ஒருவர் பந்தியில் இந்த ஓரம், மற்றவர் அந்த ஓரம்.

கமாடோ வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அக்காவிடம் சொன்னார்: "உங்க அண்ணன வரச் சொல்லு. கீழ் கதவுக்கு ஆள் இல்ல."

ஏகாம்பரம் வந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அடுப்பின் அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் மேல் துளையருகே நின்றார். அன்று அவர்கள் பேசிக்கொண்ட முழுப் பேச்சும் இவ்வளவுதான்:

"கீழ கொஞ்சம் தொற."

"மேல மூடு."

"போதும்."

சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு ஏகாம்பரம் கிளம்பிவிட்டார். மறு ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். பேச்சு மட்டும் அந்த மூன்று வரியைத் தாண்டவில்லை. புரட்டாசி பிறந்தது. வீட்டில் கறி கிடையாது. சரி, இந்த மாதம் நிம்மதியாகத் துணி காயப்போடலாம் என்று நான் மாடிக்குப் போனால், அங்கே கரி கனன்றுகொண்டிருந்தது. உள்ளே நாலு கத்திரிக்காய். இரண்டு ஆண்பிள்ளைகள் எதிரும் புதிருமாக நின்று கத்திரிக்காய்க்குக் காற்றுக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

புரட்டாசி முடிந்த சமயத்தில்தான் மாப்பிள்ளை மறுபடி போன் செய்தார். கமாடோவை அனுப்பியபின் அந்தப் புண்ணியவான் சும்மா இருக்கவில்லை. பெல்லட் கிரில் என்று ஒன்றை வாங்கியிருந்தார். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னத் துண்டுகளைப் பெட்டியில் கொட்டி, கரண்டு போட்டுச் சூட்டைக் குறித்துவிட்டால் போதும். தானே துண்டுகளைத் தள்ளிக்கொள்ளும், தானே எரியும், வெந்ததும் போனுக்குச் செய்தி அனுப்பும். புகை குறைவு என்று நம்பி வாங்கினார். அபார்ட்மென்ட்காரர்கள் குறைந்த புகைக்கும் அதே சண்டையைத்தான் போட்டார்கள்.

"உங்களுக்கு வேணுமா மாமா? வர்ற சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. சூடு ஒரு டிகிரி அசையாமல் நிற்கும் என்றால் எந்தச் சாயக்காரனுக்குத்தான் வாயூறாது? தவிர, அவருக்கு மூட்டுவலி. மணிக்கணக்கில் நிற்க முடியவில்லை. கமாடோவைக் கொடுக்கவும் மனமில்லை. ஒன்று போதுமா, இரண்டும் வேண்டுமா என்று முடிவெட்டுகிறவரைக் கேட்டார், டீக்கடையில் கேட்டார், கேஸ் சிலிண்டர் போட வந்தவரை உட்காரவைத்துக் கேட்டார். வந்தவாசி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவரையும் விடவில்லை.

"நாங்க ஜெயினுங்க. கறி தொடமாட்டோம்" என்றாராம் அவர்.

"அதனாலதாங்க கேக்கறேன். நீங்க ஒரு பக்கமும் சாய மாட்டீங்க."

சரோஜா அக்கா மட்டும் தெளிவாக இருந்தார். "ஒரு அடுப்புக்கே இவ்ளோ பேஜாரு. இன்னொண்ணு வந்தா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் மாடிக்கு வந்து என்னிடம் உட்கார்ந்தார்.

"ரெண்டும் இருந்தா இன்னா சார் தப்பு?"

"ஒரு தப்பும் இல்லண்ணே. அவசரத்துக்கு அது, ஆசைக்கு இது."

"அதுல கீழ் கதவ யாரு புடிப்பா?"

"அதுல கீழ் கதவே கிடையாதேண்ணே. ஆளே வேண்டாம்."

"அதான் சார் கேக்கறேன்" என்றார். கமாடோவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதர் இத்தனை நாளாக அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. மச்சான் இனிமேல் எதற்கு வருவான் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

மாப்பிள்ளை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலை லோடு வண்டி வாசலில் நின்றது. டிரைவர் கயிற்றை அவிழ்க்கப் போக, அண்ணன் தடுத்தார். ஒரு நிமிடம் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், முன்பக்கம் ஏறி உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"வாங்க சார், கோட்டை மைதானம் பக்கம் போலாம்."

ஏகாம்பரம் பனியனோடு வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடைசியில் அண்ணனைப் பார்த்தார்.

"இன்னா இது?"

"தானா வேவுற அடுப்பு. நீ வெச்சிக்கோ."

"அன்னிக்கு நான் மிஷின் கேட்டப்ப குதிச்ச. இன்னிக்கு நீயே மிஷின் எடுத்துகினு வந்து நிக்கற."

"ஆமா. என் வீட்ல வெச்சா நீ வரமாட்ட."

ஏகாம்பரம் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அன்னிக்கு ஏன்டா வாணாம்ன?"

"மிஷின் வந்தா எதிர்ல நீ நிக்க மாட்டியேன்னு."

"அட பாவி. தோள்பட்டை தூக்க முடியாமதான்டா நான் மிஷினே கேட்டேன்."

"அத நீ சொன்னியா?"

"நீ இத சொன்னியா?"

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிரைவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

"அண்ணே, எறக்கலாமா வாணாமா? தேசூர் லோடு ஒண்ணு காத்துகினு இருக்குது. ஜல்தி சொல்லுங்க."

இறக்கினார்கள். ஒரு ஞாயிறு மச்சான் வீட்டில் பெல்லட் கிரில், மறு ஞாயிறு அண்ணன் வீட்டில் கமாடோ என்று சரோஜா அக்கா தீர்ப்புச் சொன்னார். முதல் ஞாயிறு பெல்லட் கிரில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. திறக்கவும் மூடவும் ஒன்றும் இல்லாமல் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து அண்ணன்தான் ஆரம்பித்தார்: "தோளு இப்ப எப்டி இருக்குது?"

அடுத்த ஞாயிறு கமாடோவின் முறை. ஒருவர் மேல் துளைக்கு, ஒருவர் கீழ்க் கதவுக்கு என்று பழையபடி நின்றார்கள். ஏகாம்பரம் ஏதோ பழைய கல்யாணக் கதையை எடுத்தார். அண்ணன் அதற்கு ஒரு கதை சொன்னார். பேச்சு பேச்சு என்று அப்படி ஒரு பேச்சு. மேலேயும் மூடவில்லை, கீழேயும் மூடவில்லை. கோழி கரிக்கட்டையாகிவிட்டது. அதைத் தட்டில் வைத்துச் சரோஜா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். நான் மறுபேச்சில்லாமல் வாங்கி, இரண்டாவது தடவையும் கேட்டுச் சாப்பிட்டேன்.