பொத்தான் இல்லாத பிளேட்லெட்

ரத்தம் ஒழுகும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைப்பது பிளேட்லெட்டின் பணி. அந்தப் பணியில் சேரத்தான் நம்மாள் ஒரு பையில் வந்து, குழாய் வழியாக ஓர் ஓய்வூதிய அலுவலக அதிகாரியின் கைநரம்புக்குள் இறங்கினான். அதிகாரிக்குக் காலையிலிருந்து மூக்கில் ரத்தம் நிற்கவில்லை.

நம்மாளைக் குளிர் படாமல், ஆடும் தட்டில் வைத்திருக்க வேண்டும். ரத்த வங்கியின் புது மேலாளரோ, "பால் கெடாம இருக்குதுல்ல? இதுவும் இருக்கும்" என்று திருவாய் மலர்ந்தருளி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். குளிரில் அவன் மேல்சட்டைப் பொத்தான்கள் உதிர்ந்துபோயின. மற்றபடி ஆள் கிண்ணென்று இருந்தான். கை முன்னைவிடத் துறுதுறுத்தது.

போகிற வழியில் கல்லீரல் அலுவலகம். வாசல் காவலர் மறித்தார்.

"பொத்தான் எங்கய்யா?"

"குளிர்ல உதிர்ந்துடுச்சுங்க. மூக்குல அவசர வேலை. விட்டீங்கன்னா ஓட்டைய அடைச்சிடுவேன்."

"வேலைய யாரு கேட்டா? பொத்தானைக் கேட்டேன்."

"பொத்தானா போய் ஓட்டைய அடைக்கப்போவுது?"

காவலர் கனிவோடு விளக்கினார். "தம்பி, வயசானவங்களுக்குப் பொத்தான் உதிரும். உனக்கு உதிர்ந்திருக்கு. அப்ப நீ கிழவன். கிழவங்களை விழுங்கிடணும்னு உத்தரவு."

"நான் முந்தாநாள்தாங்க பொறந்தேன்."

"அதுக்குள்ள கிழவனாயிட்டியே. பாவமா இருக்கு. வாயைத் திறக்கிறேன், குனிஞ்சு வா."

அதே பையில் வந்து பின்னால் நின்ற தம்பிக்காரன், பொத்தானில்லாத தன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இவர் யாருன்னே எனக்குத் தெரியாது" என்றான். காவலர் அவனையும் வரிசையில் நிற்கச் சொன்னார்.

அந்நேரம் மேலே அதிகாரியின் குரல் கேட்டது. மூக்கில் பஞ்சோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பெரியவர் உயிரோட முன்னாடிதான் நிக்கிறாரா? நிக்கட்டும். போட்டோவுல சட்டைப் பொத்தான் போடல பாரு. உயிர்ச் சான்று கிடையாது, திருப்பி அனுப்பு."

காவலர் விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார். "கேட்டியா? நாங்க ஐயா வீட்டுச் சோத்தைத் தின்னு வளர்ந்தவங்க."

நம்மாள் குனிந்து உள்ளே போனான்.

நர்ஸம்மா மேலாளரிடம் ஓடினார். "சார், ஏத்தினது எல்லாம் எங்க போவுதுன்னே தெரியல. மூக்கு இன்னும் ஒழுகுது."

மேலாளர் ஆழ்ந்து சிந்தித்தார்.

"குளிர் பத்தலை போல. இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க."