எசமானிடம்தான் வரும்

தனியாக இருக்கிறவன் நாய் வாங்கலாம். ஆனால் அந்த நாயைப் பற்றிப் படிக்கக்கூடாது. நான் படித்தேன்.

மனைவி குவைத்தில் நர்ஸ், மகன் பெங்களூரில். தக்கலை வீட்டில் நானும் டிவியும். அப்போதுதான் ஒரு சிப்பிப்பாறைக் குட்டியை வாங்கி ராணி என்று பெயர் வைத்தேன். கரிசல் காட்டில் முயல் விரட்டிய பரம்பரை. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும். ஒரே ஒரு எசமானுக்குத்தான் அடங்கும். (கடைசி வரியை நாலு தடவை படித்தேன்.) பரம்பரை கெட்டுவிடக் கூடாது என்று தினமும் கம்பங்கூழும் மோரும் ஊற்றினேன்.

அறுப்பின் பண்டிகைக்கு ராணியையும் சர்ச்சுக்குக் கூட்டிப்போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: யாராவது நின்று பேசுவார்கள் என்றுதான். மற்றபடி எல்லாரும் "சிஸ்டர் எப்ப வாறாவ?" என்று என் மனைவியைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்கள். அன்று நின்றார்கள். நானும் முற்றத்தில் அரைமணி நேரம் வேட்டைநாய்ப் பிரசங்கம் செய்தேன்.

காணிக்கைப் பொருட்கள் ஏலம் தொடங்கியது. மரச்சீனிக் கிழங்கு முடிந்து சேவலைத் தூக்கினார்கள். கால்கட்டு அவிழ்ந்து அது ஓடியது. ராணி பார்த்துவிட்டாள். அடுத்த நொடி நான் கிழங்குக் குவியலுக்குள் குப்புறக் கிடந்தேன். கையில் அறுந்த வார் மட்டும்.

"ஏலே, புடியுங்கலே!" என்று ஊரே கத்தியது.

"பயப்படாதீங்க! எசமான்கிட்டதான் கொண்டுவரும்!" என்று கிடந்தபடியே கையை நீட்டினேன்.

சேவலைக் கவ்விக்கொண்டு ராணி நேராக என்னை நோக்கி வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா மைனியின் காலடியில் சேவலை வைத்துவிட்டு வாலாட்டினாள். சேவலுக்கு உயிர் இருந்தது. எனக்குத்தான் போய்விட்டது.

மைனி கூசிப்போனார். "நீங்க ஆபீஸ் போன ஒடனே மதில் சாடி எனக்க அடுக்களைக்கு வந்துரும் அண்ணே. சாளை மீன் தல போடுவேன். பாவம், தனியா இருக்குல்லா?"

யாரும் சிரிப்பை அடக்கவில்லை. நானும் சிரித்தேன். உள்ளே வலித்தது.

இப்போது ராணி மைனி வீட்டிலேயே இருக்கிறாள். மகன் ஊருக்கு வந்தால், நான் எதைப் பெருமையாகச் சொன்னாலும் தரையில் படுத்துக் கையை நீட்டிக் காட்டுவான். மனைவி போனில் முதலில் கேட்பது, "மைனிக்க நாய் சொகமா?" பிறகுதான் என்னைக் கேட்பாள்.

வாங்கிய கம்பு இன்னும் தீரவில்லை. காலையில் கூழ் காய்ச்சி, மோர் விட்டு, நானே குடித்துவிட்டு ஆபீஸ் போகிறேன்.