ஜிலாலி போட்ட ஷாக் அப்சார்பர்

வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பிட்ட கை காய்வதற்குள் ஜிலாலி ஒரு பிரகடனம் செய்தார்.

"இனிமே நம்ம மோட்டார் சைக்கிள்ல ஏத்துற பலகாரத்துல ஒரு பருப்புகூட அசையாது. முன்பக்கம், பின்பக்கம் ரெண்டுலயும் சஸ்பென்ஷனை மாத்தப்போறேன். மெக்கானிக்கு கிடையாது. நானே, என் கையால!"

அவர் மனைவி மஹ்ஜூபா தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள். "உங்க கையாலயா?"

"ஆமா."

"அப்ப ஆர்டருக்கு வேற வண்டி சொல்லி வெச்சிடறேன்."

ஜிலாலி மராக்கேஷின் பழைய நகரத்தில் ஜல்லாபா தைக்கும் தையல்காரர். ஊரிலுள்ள தோள்களும் முதுகுகளும் அவருக்கு மனப்பாடம். தன் உடம்பை மட்டும் அவர் அளந்ததில்லை. அளக்கும் அவசியமும் வரவில்லை. ஜல்லாபா என்பது கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே இறக்கம். நடுவில் இடுப்பு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒன்று தனக்குத் தைத்துக்கொள்ளும்போது பக்கத்துக்கு இரண்டு விரல் கூட்டி வைப்பார். கேட்டால், "காத்து போகட்டும்" என்பார். இருபது வருஷமாகக் காற்றுக்கு விட்ட இடத்தில் எல்லாம் இப்போது ஜிலாலிதான் இருந்தார்.

பிரகடனத்துக்குக் காரணம் உண்டு. மஹ்ஜூபா பிறை வடிவத்தில் பாதாம் பலகாரம் செய்வாள். வாயில் போட்டால் கரையும். கல்யாண வீடுகளில் அவள் பெயர் மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. செய்வது அவள், கொண்டுபோய்க் கொடுப்பது ஜிலாலி. போன வாரம் நகரச்சுவருக்கு வெளியே ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனார். வழியில் பதினொரு வேகத்தடை. பள்ளங்களுக்குக் கணக்கே இல்லை. கல்யாணப் பெண்ணின் அம்மா பெட்டியைத் திறந்தாள். உள்ளே மாவு இருந்தது.

"இதைக் கரண்டியால சாப்பிடணுமா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

 மறுநாள் மஹ்ஜூபா ஜிலாலி முன்னால் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க. இனிமே நானே கொண்டுபோறேன். தங்கச்சி வண்டியில ஓட்டிப் பழகிட்டேன்."

 பெண்கள் வண்டி ஓட்டுவதில் ஜிலாலிக்கு ஆட்சேபம் இல்லை. அந்த ஊரில் தெருவுக்குப் பத்துப் பெண்கள் ஓட்டுகிறார்கள். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே வண்டி. சாவி அவள் கைக்குப் போனால் கடைக்கு நடக்க வேண்டும். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு காபிக்கடைக்கும் நடக்க வேண்டும். வழியெல்லாம் "என்ன ஜிலாலி, வண்டி எங்கே?" என்று கேட்பார்கள். அதை நினைத்தாலே அவருக்குக் கால் வலித்தது.

"ஒரே ஒரு வாய்ப்புக் குடு" என்று கெஞ்சினார். "வியாழக்கிழமை பெரிய ஆர்டர் இருக்குல்ல? அதுக்குள்ள வண்டியைச் சரி பண்றேன்."

"சரி. வியாழக்கிழமை காலையில பெட்டிக்குள்ள ஆறு கிளாஸ் தேத்தண்ணி தளும்பத் தளும்ப வைப்பேன். நீங்க ஹம்மாம் குளியல்கூடம் வரைக்கும் ஒரு சுத்து, நான் ஒரு சுத்து. யாரு சிந்தாம கொண்டுவர்றாங்களோ, சாவி அவங்களுக்கு."

"சம்மதம்!" என்றார் ஜிலாலி. அவள் ஏன் இவ்வளவு சுலபமாக இறங்கி வந்தாள் என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் 'வியாழன் வாசல்' என்ற நகர வாசலருகே இருக்கும் பழைய சாமான் சந்தைக்குப் போனார்கள். "எனக்கும் ஒரு அடுப்புத் தட்டு வாங்கணும்" என்று மஹ்ஜூபா கூடவே ஒட்டிக்கொண்டாள். அங்கே ஹம்மூ கடையில் கழற்றிப் போட்ட வண்டிகள் மலையாகக் குவிந்திருக்கும்.

"என்ன வேணும், ஜிலாலி அண்ணே?"

"ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி. நூத்திப்பத்து சிசி சீன வண்டிக்கு."

"புதுசா, பழசா?"

"புதுசு மாதிரி. பழசு விலைக்கு."

"புதுசு வாங்குற காசுக்குப் பெருநாள் ஆட்டுல பாதி வாங்கிடலாம்ணே. பழசே போடுங்க." ஹம்மூ இரண்டு ஜோடிகளைத் தூக்கி முன்னால் வைத்தான். "இது கனத்த ஆளுக்கு. இது லேசான ஆளுக்கு. உங்க எடை எத்தனை கிலோ?"

ஜிலாலி வானத்தைப் பார்த்தார். வானம் உதவவில்லை.

"அது வந்து... ஒரு... எழுபது... எழுபத்தி..."

"அறுபத்தெட்டு!" என்றாள் மஹ்ஜூபா.

ஹம்மூ ஜிலாலியை மேலிருந்து கீழாகப் பார்த்தான். பிறகு இடமிருந்து வலமாகப் பார்த்தான். இரண்டாவதற்கு அதிக நேரம் ஆயிற்று.

"அக்கா, ஸ்பிரிங்குகிட்ட பொய் சொல்ல முடியாது. எடை சரியா இருந்தா வண்டி மிதக்கும். கூடிப்போனா அடிதட்டி உக்காந்துரும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் கேக்காது."

"இருபது வருஷமா ஆக்கிப் போடறவ நான். எனக்குத் தெரியாதா தம்பி? கல்யாணத்தன்னிக்கு எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கார். கண்ணு பட்டுடும், மெதுவாப் பேசுங்க."

ஜிலாலிக்கு நெஞ்சு உருகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி இப்படி ஒரு நல்ல வார்த்தையை யாரும் நாலு பேர் முன்னால் சொன்னதில்லை. மார்பை நிமிர்த்தினார். வயிறும் கூடவே நிமிர்ந்தது.

"அறுபத்தெட்டுதான் ஹம்மூ. செருப்பைக் கழட்டினா அறுபத்தேழரைன்னே சொல்லலாம்."

"அல்லாஹ் பாத்துப்பான்" என்று சொல்லி, ஹம்மூ லேசான ஜோடியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

அடுத்த மூன்று நாள் கடைக்குப் பூட்டு. முற்றத்தில் வண்டி, வண்டிக்கடியில் ஒரு பானை, பக்கத்தில் ஜிலாலி.

"ஏங்க, அது கூஸ்கூஸ் பானை!"

"நேத்து வரைக்கும். இப்ப அது ஸ்டாண்டு."

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயிலிருந்து பழைய எண்ணெய் இறங்கியது. கழுதைக்குக்கூடப் போட முடியாத எண்ணெய். அதைக் கொட்டிவிட்டுக் கெட்டியான எண்ணெய் ஊற்றினார். உள்ளே இருந்த ஸ்பிரிங் நைந்து குட்டையாகியிருந்தது. புது ஸ்பிரிங்குக்குப் பதிலாக, குழாய்க்காரரிடம் கேட்டு வாங்கிய பிவிசி துண்டைத் தையல் நாடாவால் அளந்து, சாக்கட்டியால் கோடு போட்டு, அறுத்துப் பழைய ஸ்பிரிங்கின் தலையில் வைத்தார். ஸ்பிரிங் நிமிர்ந்துகொண்டது. பின்பக்கம் ஹம்மூ கொடுத்த ஜோடியை மாட்டினார். காசு மிச்சம். வேலை சுத்தம். சட்டைக்குக் காலர் வைக்கிற மாதிரி அவ்வளவு நேர்த்தி. உண்மையைச் சொன்னால், அந்த மனிதருக்குக் கைத்திறமை இருந்தது.

மஹ்ஜூபா பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள்.

"பன்னெண்டாம் நம்பர் குடு."

"அதுக்குப் பதினாலு வேணுங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தலை பெருசா இருக்குல்ல? பாத்தாலே தெரியுது."

கடைசியாக ஒரு சோதனை. ஃபோர்க் குழாயில் ஒரு நூலைக் கட்டிவிட்டு ஏறி உட்காரச் சொல்லியிருந்தான் ஹம்மூ. வண்டி அமுங்கும்போது நூல் மேலே நகரும். மூன்றில் ஒரு பங்கு நகர்ந்தால் பொருத்தம் சரி. ஜிலாலி வெள்ளை நூல் கட்டினார். பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறி உட்கார்ந்தார். நூல் விறுவிறுவென்று ஏறி உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"மூணுல ஒரு பங்குன்னு சொன்னாரே?" என்றாள் மஹ்ஜூபா.

"மூணு பங்கும் போயிருக்கு. மூணு மடங்கு மெத்துன்னு இருக்குன்னு அர்த்தம்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. அதற்காவது அவர் திடுக்கிட்டிருக்க வேண்டும். கைகழுவப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை. பின்பக்கப் பெட்டியில் புதினாத் தேநீர் ஆறு கிளாஸ், விளிம்பு வரை. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஜிலாலி காதில் ஒரு புதினாக் கொத்தைச் செருகிக்கொண்டு மாப்பிள்ளைபோல ஏறினார். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு அமுங்கியது.

முதல் மேட்டில் "டக்". அடுத்த பள்ளத்தில் "டமார்". ஹம்மாம் வாசலில் கேட்ட சத்தத்துக்கு, உள்ளே குளித்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே எட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது கிளாஸ்கள் காலி. தேநீர் முழுக்க ஜல்லாபாவின் முதுகில் இருந்தது.

"ரோடு சரியில்லை" என்றார் ஜிலாலி.

"ரோடை மாத்த முடியாது. ஆளை மாத்திப் பாக்கலாம்" என்றாள் மஹ்ஜூபா.

பலகாரப் பெட்டிகளையும் ஏற்றி, ஆறு கிளாஸையும் நிரப்பினாள். உள்ளே போய் ஒரு ஹெல்மெட்டோடு வந்தாள். அந்த ஹெல்மெட்டை ஜிலாலி அதுவரை பார்த்ததே இல்லை. ஏறினாள். வண்டி அளவாக அமுங்கி, அளவாக நின்றது. மேடு வந்தது. சக்கரம் ஏறி இறங்கியது. அவள் அசையவில்லை. பள்ளம் வந்தது. பள்ளத்துக்கே தெரியாமல் கடந்துவிட்டாள். திரும்பி வந்தபோது ஆறு கிளாஸிலும் நுரைகூடக் கலையவில்லை.

ஜிலாலி தன்னை மறந்தார். கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களாய்யா! சந்தையில பொறுக்கின சாமான்! பிவிசி பைப்பு! எல்லாம் என் வேலை! இந்தக் கையால!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். தெருவும் கைதட்டியது. பக்கத்துவீட்டுக்காரர், "என் வண்டிக்கும் இதேமாதிரி போட்டுக் குடுங்க ஜிலாலி, கூலி தர்றேன்" என்றார். ஒரு நிமிஷம் ஜிலாலிக்கு எல்லாமே நல்லதாகத்தான் தோன்றியது. சாவி யார் கையில் இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மஹ்ஜூபா வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. ஒரு கிளாஸை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"குடிங்க. நிஜமாவே தங்கமான வேலை. இன்னிக்கு இது உடையாமப் போய்ச் சேந்தா இன்னும் ரெண்டு கல்யாண வீடு நமக்குத்தான். ரெண்டே மாசத்துல உங்களுக்கும் ஒரு வண்டி பாத்துடலாம், இன்ஷா அல்லாஹ்."

அவள் மனசாரத்தான் சொன்னாள். அது அவருக்கும் புரிந்தது. ஆனாலும் ஒரு கைவினைஞனுக்கு விளங்காத ஒன்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

"அதெல்லாம் சரி மஹ்ஜூபா. அதே வண்டி, அதே ரோடு. எனக்கு மட்டும் ஏன் அப்படி அடிதட்டுச்சு?"

மஹ்ஜூபா ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"பலகாரப் பெட்டியோட சேத்து நான் அறுபத்தெட்டு கிலோங்க. மாவு மில்லுல நிறுத்துப் பாத்துட்டுத்தான் அன்னிக்கு உங்களோட சந்தைக்கே வந்தேன்."