ஒருவரையும் உள்ளே விடாத காவல்

கச்சிராயபாளையம் சாலையில் ஒற்றைச் செருப்போடு நடந்துகொண்டிருந்தேன். மற்றது சேகர் அண்ணனின் மெஷின் கொட்டகையில் கிடந்தது. எத்தனையோ விதமாக வேலையை இழந்திருக்கிறேன். ஊரையே திருடர் கூட்டத்தில் சேர்த்து இழந்தது அன்றைக்குத்தான்.

சேகர் அண்ணன் கள்ளக்குறிச்சியில் நெல் அறுவடை மெஷின்களை வாடகைக்கு விடுபவர். விவசாயிகள் போனிலேயே பதிவு செய்ய ஒரு வெப்சைட் வைத்திருந்தார். ஒருநாள் அதைத் திறந்தால் மெஷின் படத்துக்குப் பதில் சூதாட்ட விளம்பரம்.

"ஆத்தூர்க்காரன் வேலைடா இது," என்றார். ஆத்தூர்க்காரர் தொழில் போட்டியாளர். (அவருக்குக் கம்ப்யூட்டரை அணைக்கத் தெரியுமா என்பதே சந்தேகம்.)

நான் ஒன்பதாவதோடு நின்றவன். பெங்களூரில் ஒரு ஆபீசில் ஒயர் இழுத்தபோது, கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பவர்களை முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். இதைத்தான் 'சர்வர் அனுபவம்' என்று சொல்லி அண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீடியோ பார்த்து, வெப்சைட் ஓடும் சர்வரில் ஒரு பாதுகாப்பு மென்பொருளை ஏற்றினேன். வருகிறவர்கள் அனுப்பும் எழுத்தைச் சோதித்து, சந்தேகம் வந்தால் வாசலிலேயே தடுத்துவிடும். சந்தேகத்தின் அளவைக் கட்டளை கொடுத்துக் கூட்டலாம், குறைக்கலாம். உச்சத்தில் வைத்தேன். காசா, பணமா?

மறுநாளே, தடுக்கப்பட்டவர்களின் விவரம் திரையில் மளமளவென்று ஓடியது. வரிக்கு வரி சதவீதக் குறியும் புரியாத எழுத்தும். எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் 'ஈ, ஜீரோ, ஏ, ஈ' என்று ஒரே அடையாளம் திரும்பத் திரும்ப வந்தது.

"அண்ணே, எல்லாம் ஒரே கும்பல்! கையெழுத்துப் போட்டுக்கினு வரானுங்க!"

"ஒருத்தனையும் உடாத!"

அந்த அடையாளத்தோடு எது வந்தாலும் தடு என்று நானே ஒரு விதியும் எழுதிச் சேர்த்தேன். தாக்குதல் கூடியது. அண்ணன் பூரித்துப்போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். வெளியே அறுவடைக் காலம்; வானம் கறுத்துக்கொண்டிருந்தது; மெஷின்களோ கொட்டகையில் சும்மா நின்றன. அந்தப் பழியையும் ஆத்தூர்க்காரர் தலையில் போட்டோம்.

மணலூர்பேட்டையிலிருந்து அஞ்சலையக்கா பஸ் பிடித்து நேரில் வந்தார். அவருடைய நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது.

"இன்னாய்யா சேகரு, பேரைப் போட்டா அனுமதி இல்லன்னு வருது? நான் இன்னா உன் வூட்டு மாட்டையா ஓட்டிக்கினு போனேன்?"

அண்ணன் தன் போனிலேயே 'அஞ்சலை' என்று தமிழில் அடித்தார். அனுமதி இல்லை. என் திரையில் புதிய வரி ஓடியது: ஈ, ஜீரோ, ஏ, ஈ. ஆங்கில எழுத்தில் அடித்தார். உடனே பதிவாகிவிட்டது.

கம்ப்யூட்டர் தமிழ் எழுத்தை அப்படித்தான் மாற்றி அனுப்புமாம். கும்பலின் கையெழுத்து என்று நான் பிடித்தது தமிழை.

"தமிழ்ல பேர் எழுதனவன எல்லாம் வெளிய நிறுத்திக்கிறியே, நீ எந்த ஊர்க்காரன்டா?" என்றார் அண்ணன்.

"தோ, இப்பவே எடுத்துடறேண்ணே." இரண்டே வரிக் கட்டளை: விதி போனது, சந்தேகத்தின் அளவும் இறங்கியது.

"இனிமே இன்னாத்துக்கு?" என்றார் அஞ்சலையக்கா. "ஊரே ஆத்தூர்க்காரன் மெஷினுக்குச் சொல்லிட்டாங்க. எங்க வயலுக்கும் அதான் வந்துக்கினு இருக்குது. உங்களத் திட்டிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அண்ணன் ஸ்பானரைத் தேடினார். நான் வாசலைத் தேடினேன்.

(இன்றும் கதவை யாராவது தட்டினால் என் மனைவி கேட்பாள்: "யாரோ தமிழ்ல கூப்புடறாங்க. தொறக்கலாமா?")

வழியில் ஒரு லாரி ஏற்றிக்கொண்டு வெள்ளிமலையில் இறக்கிவிட்டது. மறுநாள் காலை, மரவள்ளித் தோட்டத்துக்காரர் ஒருவர் காட்டுப்பன்றி விரட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முன்ன இன்னா வேலை?"

"காவல்தாங்க."

"எதுனா உள்ள பூந்துச்சா?"

"ஒண்ணுகூட வரலீங்க."

சத்தியமான உண்மை. அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. தகர டப்பாவையும் குச்சியையும் கையில் கொடுத்தார். தட்டிப் பார்க்கும் முன் நான் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"உங்க வூட்டு ஆளுங்க எல்லாரையும் ஒருவாட்டி காட்டிடுங்க."