மாமாவைப் பூட்டிய ஒற்றை வரி

"ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்" என்று எந்தக் கணினிக் குறிப்பாவது சொன்னால், தயவுசெய்து மடிக்கணினியை மூடிவிட்டுப் போய் ஒரு காபி குடியுங்கள். அப்படி ஒரு வரியை நம்பித்தான் நான் என் வருங்கால மாமனாரைக் கூண்டில் அடைத்தேன்.

மைசூரில், ஹெப்பாளில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. பக்கத்துத் தொழிற்சாலையின் வருகைப் பதிவை எங்கள் ஜாவா சர்வர்தான் பார்த்துக்கொண்டது. வாசலில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் கம்பிக் கூண்டு. அட்டையைக் காட்டினால் முதல் கதவு திறக்கும். உள்ளே போய் விரல் வைத்தால் இரண்டாவது திறக்கும். (ஒருவர் அட்டையில் இன்னொருவர் நுழையாமலிருக்க இந்த ஏற்பாடு.) இரண்டு கதவுமே எங்கள் சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கும்.

அங்கே சூப்பர்வைசர் சின்னசாமி, தமிழக எல்லையோரத்து ஹனூர்க்காரர். அவர் மகள் கவிதாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம். கவிதா காபி கொடுத்தாள், ஒரு பார்வை பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்குப் பிடித்ததா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பதற்றத்தில் வாயைத் திறந்தேன்.

"நாளைக்கு உங்க சிஸ்டத்துல புது புரோட்டோகால் போடறேன் மாமா. எச்டிடிபி டூ. பழசுல ஒரு கேள்விக்குப் பதில் வந்தாத்தான் அடுத்த கேள்வி. புதுசுல எல்லாம் ஒரே லைன்ல ஒண்ணா போகும். நீங்க விரல் வெச்சதும் கதவு திறக்கும் பாருங்க."

(மாமா என்று கூப்பிட யாரும் அனுமதி தரவில்லை. தவிர, வேகமாகப் போவது ஆபீசில் உட்கார்ந்து பிரௌசரில் வருகையைப் பார்க்கும் பக்கம்தான். கதவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.)

"அப்படிங்களா தம்பி," என்றார் அவர். "கலந்து பேசிட்டு ஒரு வாரத்துல சொல்றமுங்க."

எங்கள் மேனேஜர் அனிதா மேடம் போட்ட திட்டம் தெளிவானது: காலை எட்டு மணி ஷிஃப்ட் முழுக்க உள்ளே போனபிறகு, எட்டரைக்கு, அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மாற்ற வேண்டும். அம்மாவிடம் சொன்னேன்.

"எட்டரைக்கா? திங்கக்கெழம ஏழரைலேர்ந்து ஒம்பது ராகு காலம். பொண்ணு வீட்டுப் பேச்சு வேற பாதில நிக்குது. ஏழரைக்குள்ள முடிச்சிடு."

சரி என்றேன். (பொறியியல் பட்டதாரி.)

புது புரோட்டோகாலுக்கான அந்த ஒற்றை வரியை முன்பே என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்திருந்தேன். எதுவும் மாறவில்லை. தோண்டிப் படித்ததில், சங்கேதமாக்கிய (என்கிரிப்ட் செய்த) பாதை இருந்தால்தான் பிரௌசர்கள் இந்தப் புது முறையில் பேசும் என்று தெரிந்தது. ஒரு சான்றிதழைச் செருகி அதையும் சேர்த்தேன். பிரௌசர் உடனே புது முறையில் பேசியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூண்டுக் கதவுகள் பிரௌசர் அல்ல, சங்கேதம் என்றால் என்னவென்றே தெரியாத பழைய இயந்திரங்கள் என்பது மட்டும் என் மண்டைக்குள் ஏறவில்லை.

திங்கள் காலை வீட்டிலிருந்தபடியே, மடிக்கணினிக்குக் குங்குமம் வைத்து சர்வரை மாற்றிவிட்டு பஸ் ஏறினேன். கொஞ்ச தூரத்தில் போன் அடித்தது. ஜாதகத்தோடு கொடுத்திருந்த நம்பர்.

"தம்பி, சின்னசாமி பேசறனுங்க. நேத்து சொன்னீங்களே புதுசு, அதப் போட்டுட்டீங்களா?"

"ஏன் மாமா?"

"மொதக் கதவு தொறந்து உள்ள வந்தன். அது சாத்திக்கிச்சு. ரெண்டாவது தொறக்கல. முன்னயும் போவ முடியல, பின்னயும் போவ முடியல."

(முதல் கதவு பழைய சர்வரைக் கேட்டுத் திறந்திருக்கிறது; அவர் விரல் வைப்பதற்குள் நான் மாற்றிவிட்டேன்.)

"வாட்ச்மேன்கிட்ட சாவி இருக்குமே?"

"சாவி ஆபீசர்கிட்டங்க. அவரு நஞ்சன்கூட்டுல இருந்து வரோணும்."

பஸ்ஸில் நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு பெரியம்மாவின் காய்கறிப் பைமீது, கேட்காமலே மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். "ஏனப்பா, பஸ்ஸல்லே ஆபீஸா?" என்றார் கன்னடத்தில். (என்னப்பா, பஸ்ஸிலேயே ஆபீஸா?) அந்த ஒற்றை வரியை அழித்து சர்வரை மறுபடி கிளப்பினேன். ஜாவா சர்வர் கூப்பிட்டதும் எழுந்து வருகிற ஜாதியில்லை. அது சோம்பல் முறித்து எழுவதற்குள் என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

"இப்பப் பாருங்க மாமா."

"அப்படியேதான் இருக்குதுங்க."

அதற்குள் அங்கே ஆட்களை லாரி கேட் வழியாக விடத் தொடங்கியிருந்தார்கள். மொத்த ஷிஃப்டும் கூண்டைக் கடந்து போவது போனில் கேட்டது. "நமஸ்கார சார்." "நமஸ்கார." "நமஸ்கார சார்." "நமஸ்கார." ஒருவர், ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். "சும்னே," என்றார் மாமா. (சும்மாத்தான்.)

நடுவில் அம்மாவின் அழைப்பு வேறு. "ராகு காலம் பொறந்துடுச்சு. எதையும் தொட்டுடாத."

அப்போதுதான் உறைத்தது. புது முறையை எடுத்துவிட்டேனே தவிர, அதற்காகச் சேர்த்த சங்கேதம் அப்படியே இருந்தது. கதவை மிரட்டியது அதுதான். அதையும் பிடுங்கிப் போட்டு, சர்வரைத் திரும்பக் கிளப்பினேன். போனில் 'டக்' என்றது.

"தொறந்துருச்சுங்க," என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

ஆபீசில், எட்டரைக்குப் பதில் ஏழரைக்கு முன்பே ஏன் மாற்றினாய் என்று அனிதா மேடம் கேட்டார். ராகு காலம் என்றேன். திட்ட ஆரம்பித்தார். எதுவும் என் காதில் ஏறவில்லை. கவிதா அவ்வளவுதான் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

மாலையில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"நான் கவிதா. எங்கப்பாவ எதுக்குப் பூட்டி வெச்சீங்க?"

பிரௌசர், சங்கேதம், பழைய இயந்திரம், ராகு காலம் என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா ரொம்பக் கோவமா இருக்காங்களா?"

"அவர் சிரிக்காமத்தான் சொன்னாரு. எங்களாலதான் சிரிப்ப அடக்க முடியல. கல்யாணத்துக்குச் சரின்னு அவரச் சொல்லச் சொல்லட்டுமா?"

இயந்திரங்களுக்குப் பழைய பாதையைத் தனியாக விட்டு, பிரௌசர்களுக்கு மட்டும் புதியதை அனிதா மேடமே பிறகு ஒழுங்காகப் போட்டார். எனக்குக் கல்யாணமும் ஆனது. மாமா ஓய்வு பெற்று ஹனூருக்கே போய்விட்டார். ஆனாலும் இன்றுவரை, நாளைக்கு ஆபீசில் புதிதாக ஒன்று வெளியிடுகிறோம் என்று நான் வாய் திறந்தால் போதும், கவிதா முதலில் போனைத்தான் எடுக்கிறாள்.

"அப்பா, இவர் ஏதோ புதுசு போடறாராம். நீங்க எங்க இருக்கீங்க?"

"வெட்டவெளில நிக்கறன் கண்ணு. தைரியமா போடச் சொல்லு."