எப்பத்தும் எம்பத்தும்

கூச்சப்படுகிறவனுக்குக் காது பாதிதான் கேட்கும். மீதியை அவனே இட்டு நிரப்பிக்கொள்வான். 'என்ன சொன்னீங்க?' என்று இன்னொரு தடவை கேட்பதற்குப் பதில் சொத்தையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். (எனக்குச் சொத்து கிடையாது. அதனால் ஓர் இன்ஜினைப் பலி கொடுத்தேன்.)

ஸ்ரீராம்புரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. பட்டறைக்கு மேலேயே ஓர் அறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், நான்.

சில வருடங்களுக்கு முன் நாகராஜண்ணா என்ற காண்டிராக்டர் வந்தார். ஊரின் ஓரத்தில் ஓர் ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. அதை அள்ளும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. சாதாரண மோட்டார் படகு போனால் கொடி சுற்றிக்கொண்டு நின்றுவிடும். அதற்காகக் காற்றுப் படகு ஒன்று செய்யச் சொன்னார். தட்டையான படகு, பின்னால் உயரத்தில் பழைய கார் இன்ஜின், அதன் முனையில் விமானத்துக்கு இருப்பதுபோல் ஒரு புரொப்பல்லர். (பட்டறையில் நாங்கள் அதை 'ஃபேன்' என்றுதான் சொல்வோம்.) அது தண்ணீரைத் தொடாது. காற்றைப் பின்னால் தள்ளியே படகை முன்னால் கொண்டுபோகும்.

எல்லாமே அந்த ஃபேனின் அளவில்தான் இருக்கிறது. சின்னதாகப் போட்டால் இன்ஜின் சும்மா கத்தும், படகு நகராது. பெரிதாகப் போட்டால் இன்ஜினுக்கு அதைச் சுழற்றத் தெம்பிருக்காது. டாப் கியரில் மேடு ஏறும் ஸ்கூட்டர் மாதிரி முக்கி முனகி நின்றுவிடும். சரியான அளவை யாரிடமோ விசாரித்து, நாகராஜண்ணா போனில் சொன்னார். என் பக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பத்து இஞ்ச். மறீபேடப்பா."

கன்னடத்தில் எப்பத்து என்றால் எழுபது; எம்பத்து என்றால் எண்பது. ஒரு 'ப்'புக்கும் ஒரு 'ம்'முக்கும் நடுவே பத்து இஞ்ச். மறக்காதே என்று அவர் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. நானும் மறக்கவில்லை. எண்பது, எண்பது என்றே ஞாபகம் வைத்திருந்து அதையே ஆர்டர் கொடுத்தேன்.

வந்து இறங்கிய ஃபேன் என்னைவிட உயரம். நாகராஜண்ணா கொடுத்திருந்த அளவில், ஃபேனைச் சுற்றி மாட்டுவதற்கு நான் செய்து வைத்த கம்பிக்கூண்டுக்குள் அது நுழையவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே போன் போட்டிருப்பார்கள். நான் கூண்டை வெட்டிப் பெரிதாக்கினேன். இன்ஜினையும் ஒரு சாண் தூக்கி வைத்தேன். ஒரு கேள்வி கேட்பதைவிட இரும்பை வெட்டுவது எனக்குச் சுலபம்.

இந்த நேரம் பார்த்து, அல்சூரில் இருக்கும் என் அக்கா எனக்கு ஒரு பெண் பார்த்தாள். விமலா. அக்கா வேலை செய்யும் கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர். என்னைப்போலவே கல்யாணம் தள்ளிப் போனவர்.

"வீட்ல ஒக்கார வெச்சு கேசரி குடுத்தா நீ தரையத்தான் பாப்படா சேகரு," என்றாள் அக்கா. "அந்த போட்ட ஓட்டிக் காட்டுற அன்னிக்கே கூட்டினு வரேன். மெஷின் பக்கத்துல நின்னாத்தான் நீ ஒரு ஆளா தெரிவ."

'வாங்க, பஸ் கெடச்சுதா?' என்பதை அறையில் டம்ளரிடம் சொல்லிச் சொல்லிப் பழகினேன். டம்ளரிடம் நன்றாகத்தான் வந்தது.

அன்றைக்கு ஏரிக்கரையில் ஷாமியானா, மேஜைமேல் பூஜைத் தட்டு, தேங்காய், குவித்து வைத்த குங்குமம். படகின் முதுகு கரையைப் பார்த்து நின்றது. நாகராஜண்ணா அண்ணாந்து பார்த்து, "ஏனப்பா, இஷ்டு தொட்டதாகிதே?" என்றார். (இவ்வளவு பெரிசா இருக்கேப்பா.) நான் சிரித்துவைத்தேன்.

அக்காவும் விமலாவும் வந்தார்கள். விமலாவுக்கு வெளிர்மஞ்சள் புடவை. பஸ்ஸைப் பற்றிய வாக்கியம் தொண்டை வரை வந்து, திரும்பிப் போய்விட்டது. நான் ஏற்கெனவே இறுக்கிய நட்டையே மறுபடியும் இறுக்கினேன்.

விமலாவே கேட்டார். "ஏங்க, ஃபேன் இவ்ளோ பெருசா இருந்தாத்தான் ஓடுமா?"

அதைவிடச் சரியான கேள்வியை அன்று வேறு யாரும் கேட்கவில்லை.

"ஆமா," என்றேன்.

தேங்காய் உடைத்தார்கள். இன்ஜினைக் கிளப்பி வேகம் கூட்டினேன். ஃபேன் சுற்றியது. இன்ஜின் முக்கியது. படகு ஆகாயத்தாமரைமேல் எருமைபோல் கிடந்தது. ஆனால் படகைத் தள்ளத் தெம்பில்லாத அந்தக் காற்றுக்கு, கரையில் இருந்தவர்களைத் தள்ளத் தெம்பிருந்தது. ஷாமியானா எழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தட்டிலிருந்த குங்குமம் மொத்தமும் கிளம்பி, முன்வரிசையில் நின்ற விமலாவின் முகத்திலும் புடவையிலும் இறங்கியது. பிறகு இன்ஜின் கரும்புகை கக்கி அடங்கியது.

"நானு எப்பத்து அல்வா ஹேளித்து?" என்றார் நாகராஜண்ணா. எழுபது என்றல்லவா சொன்னேன் என்று அர்த்தம். (கன்னடத்தில் 'அல்வா' என்றால் 'இல்லையா'. தமிழில் என்ன அர்த்தமோ, அதுவும் அவருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.)

விமலா கோபப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கரையோரம் வரை வந்து, "என்னாச்சுங்க? ஏன் நின்னுடுச்சு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நின்றார்.

எனக்கு இப்போது எல்லாம் புரிந்திருந்தது. எந்த நீளத்துக்கு எவ்வளவு இழுவை வேண்டும், இந்த இன்ஜின் எங்கே மூச்சுத் திணறியது, எதை மாற்ற வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். "ஸ்பானர் எடுத்துனு வரேன்," என்று சொல்லிவிட்டு, படகை ஏற்றி வந்த லாரிக்குப் பின்னால் போனேன். அவர்கள் கிளம்பிப் போகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். என் பேரழிவு இதுதான். மற்றதெல்லாம் சும்மா காற்று.

"அவரு ஒரு வார்த்த பேசியிருந்தா போதும்க்கா," என்றாராம் விமலா, திரும்பும் வழியில். அடுத்த வருடம் அவருக்கு ஓசூரில் கல்யாணம் ஆயிற்று.

இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் அக்கா ஆரம்பித்துவிடுவாள். "எங்க சேகரு இருக்கானே, தாலி கட்டுறதுக்கு முன்னாடியே பொண்ணுக்குக் குங்குமம் வெச்சவன். நெத்தியில இல்ல, மொகம் பூரா!" எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்து எழுபது இஞ்ச் ஃபேனைப் போட்டதும் அந்தப் படகு ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போயிற்று. அப்போது கரையில் யாரும் இல்லை. 'அப்புறம் அந்த போட் ஓடுச்சா?' என்று யாராவது கேட்பார்கள் என்று ஒவ்வொரு விசேஷத்திலும் பார்க்கிறேன். கேட்டால் இந்தத் தடவை சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.