மூன்று ஃபேன் கார்டும் அப்பாவின் பெட்டியும்

என் அன்புக்கும் இன்றைய அவசரத்துக்கும் உரிய சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் நலமாக இல்லை. நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று வழக்கத்தைவிட அதிகமாக விரும்புகிறேன். நீங்களும் படுத்துவிட்டால் நாளை என்னைக் காப்பாற்ற இந்தத் தெருவிலேயே ஆள் கிடையாது. சித்தப்பாவின் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையவில்லை என்றால் அடுத்த வாரம் வந்து விசாரிக்கிறேன், அதுவரை கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இதைப் போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, அதனால்தான் கடிதம். விடிந்ததும் பால் வாங்கப் போகும் சாக்கில் இதை உங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். இரவு வேலை முடிந்து வந்ததும் படித்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். வந்து அப்பாவிடம் ஒரே ஒரு பொய் சொல்ல வேண்டும். என்ன பொய் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் வரமாட்டீர்கள்.

உங்கள் பழைய கம்ப்யூட்டரை எனக்குக் கொடுத்தீர்களே, அதில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது. உள்ளே இருந்ததெல்லாம் நன்றாகவே இருந்தது, கிராபிக்ஸ் கார்டும் வெளியே இருந்த தகரப் பெட்டியும் மட்டும்தான் போய்விட்டிருந்தன. புதிதாக ஒரு பெட்டி வாங்கலாம் என்று அம்மா சொன்னதும் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மரவேலை செய்யறவன் வீட்ல தகரப் பெட்டியா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று பரணில் இருந்து ஒரு தேக்குப் பலகையை இறக்கினார். குளத்தில் கல்லைப் போட்டால் வட்டம் வட்டமாக விரியுமே, அப்படி ரேகை ஓடும் பலகை. சமையலறை அலமாரிக்குக் கதவு போட அம்மா கெஞ்சியபோதுகூட அவர் அதைத் தரவில்லை. அதைத்தான் என் பெட்டிக்கு முகப்பாக வைத்தார். வெட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "குட்டி, கார்டு எவ்ளோ நீளம்? யோசிச்சு சொல்லு. வெட்டின மரம் வளராது" என்றார். நானும் நீங்கள் சொன்ன இரண்டு ஃபேன் கார்டின் நீளத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் அதோடு ஒரு விரல் கூட்டி, முடி அளவு பிசகாமல் செய்து முடித்தார். அதுவரை யார் மேலும் குற்றம் இல்லை.

போன வாரம் கார்டு வாங்கப் போகும்போது நீங்கள் போனில் என்ன சொன்னீர்கள்? "வாலு, மூணே மூணு பாரு. மெமரி எவ்ளோ, கரண்ட் எவ்ளோ, நீளம் எவ்ளோ. மத்ததெல்லாம் வெறும் பளபளப்பு." வழி முழுக்க வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே போனேன் சித்தி. அம்மா தான் ஓட்டும் பள்ளி வேனிலேயே என்னை அழைத்துப்போனாள், அதனால் ஹாரன் சத்தத்துக்கு நடுவே மூன்றையும் உரக்கவே சொன்னேன். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் சுவர் முழுக்கச் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் எரிந்தன. என் தலைக்குள் எரிந்துகொண்டிருந்த ஒரே விளக்கு அணைந்துவிட்டது.

மூக்குக்கண்ணாடி போட்ட கடைக்காரர் முதலில் பெரிய கார்டை எடுத்து வைத்தார். விலையைக் கேட்ட அம்மா, "இந்தக் காசுக்கு வேனுக்கு நாலு டயரும் மாத்தி, ஸ்டெப்னியும் வாங்கிடலாம்" என்றாள். அடுத்து சின்னதாக ஒன்றைக் காட்டினார். அதில் நான் விளையாடும் விளையாட்டு ஓடாது, நடக்கும், அதுவும் நொண்டி நொண்டி நடக்கும் என்று நான் அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். "நடுத்தரமா ஒண்ணு எடுங்க தம்பி, எங்களை மாதிரி" என்றாள் அம்மா. அவர் நடுத்தரமாக ஒரு இரண்டு ஃபேன் கார்டை எடுத்து வைத்ததும் முதல் கேள்வி கேட்டாள்.

"இது மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?"

"அக்கா, இது வண்டி இல்ல. கிராபிக்ஸ் கார்டு."

"தெரியும்பா. கரண்ட் எவ்ளோ குடிக்கும்னு கேக்கறேன். பில்லு கட்டப்போறது நான்தானே, நீங்களா?"

அவர் சொன்னார். அம்மா எங்கள் இஸ்திரிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தி அடைந்தாள். மெமரியை நான் கேட்டேன். ஆக இரண்டு கேள்வி முடிந்தது. மூன்றாவது கேள்வி நாக்கு நுனிவரை வந்த நேரத்தில்தான் அந்த மனிதர் மேசைக்கு அடியில் இருந்து இன்னொரு அட்டைப்பெட்டியை எடுத்தார். "இதுவும் அதேதான்க்கா, ஆனா மூணு ஃபேன். சூடு கம்மி, சத்தம் கம்மி. அட்டை கிழிஞ்சிடுச்சு, அதனால அதே விலைக்குத் தரேன்" என்றார். அம்மாவின் கண்கள் எப்படி விரிந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்கள் அவளோடு பிறந்தவர். "அதே விலைக்கு ஒரு ஃபேன் சும்மா வருதுன்னா ரெண்டு ஃபேனை எவ வாங்குவா?" என்று என்னைப் பார்த்தாள். நீளம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் அதைச் செருகிக் காட்ட, மூன்று ஃபேனும் வானவில் மாதிரி சுழன்றன. "சூப்பர்" என்று வந்துவிட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. "உங்க கேபினெட்ல இடம் இருக்கும்ல?" என்று அவர் கேட்டதும் அம்மா நிமிர்ந்து, "எங்க வீட்ல தகரம் கிடையாது தம்பி. எங்க வீட்டுக்காரர் தேக்குல இழைச்ச பெட்டி. யானையே போகும்" என்றாள். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "மரத்துலயா? என் கடைல வெக்க அந்த மாதிரிதான்க்கா தேடிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலைல வந்து பாக்கறேன். பிடிச்சா வரிசையா ஆர்டர் குடுத்துடறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சித்தி, நாளை.

கொஞ்ச நாளாக அப்பாவுக்கு எப்படிப்பட்ட வேலை வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். எல்லாரும் கடையில் ரெடிமேட் அலமாரி வாங்கிவிடுகிறார்கள், இவருக்கு வருவது மழையில் உப்பிப்போன கதவை இழைத்துக் கொடுக்கிற வேலைதான். ஆர்டர் வரப்போகிறது என்று கேட்டதில் இருந்து அவர் சீட்டியடிக்கிறார். பெட்டியைத் துடைத்துத் துடைத்து அதில் முகம் பார்க்கலாம் போல ஆக்கிவிட்டார். இன்று மதியம் முடி வெட்டிக்கொள்ளக்கூடப் போனார். "வர்றவர் பெட்டியைப் பாக்க வர்றாரா, உங்களைப் பாக்க வர்றாரா?" என்று அம்மா கேட்டுவிட்டு, அவளும் வேனைக் கழுவப் போய்விட்டாள்.

தனியாக இருந்த நேரத்தில், எல்லாவற்றையும் மாட்டித் தயாராக வைப்போம் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். கார்டைப் பெட்டிக்குள் இறக்கினேன். நுழையவில்லை. சாய்த்தேன், திருப்பினேன், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், நான் மூச்சை இழுத்தால் கார்டு ஏன் சுருங்கும் என்று பிறகுதான் தோன்றியது. இரண்டு விரல் நீளம் அதிகம். முகப்புப் பலகை இடித்தது. திங்கட்கிழமை போய்ச் சின்ன கார்டாக மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஆனால் காலையில் அவர் வந்து, தான் விற்ற கார்டையே உள்ளே காணோம் என்றால் என்ன நினைப்பார்? யானை போகும் என்று சொன்ன பெட்டியில் ஒரு கார்டு போகவில்லை, அளவெடுக்கத் தெரியாத ஆள் என்றுதானே அப்பாவை நினைப்பார்? அளவைத் தப்பாக்கியது நான், பேர் கெடுவது அவருக்கு. அதை நினைத்ததும் கையில் ரம்பம் இருந்தது. எப்படி வந்தது என்று சத்தியமாகத் தெரியாது.

அந்த ரேகைப் பலகையில் கார்டின் மூக்கு வெளியே வருகிற அளவுக்கு ஒரு சின்னச் சதுரம் வெட்டுவதுதான் திட்டம். நாலு மூலையிலும் ட்ரில் போட்டேன். மூன்று ஓட்டை சரியாக விழுந்தது, நாலாவது வழுக்கிக்கொண்டு போய் வேறெங்கோ விழுந்தது. அதைச் சேர்க்க ஒரு பக்கம் கொஞ்சம் அறுத்தேன், இந்தப் பக்கம் பெரிதாகத் தெரிந்ததால் அந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் பெரிதானதால் இந்தப் பக்கம் கொஞ்சம். கடைசியில் வந்த வடிவத்துக்கு எங்கள் கணக்கு டீச்சரிடமே பெயர் இருக்காது. ஆனால் சித்தி, கார்டு கச்சிதமாக உட்கார்ந்தது! விளையாட்டைப் போட்டுப் பார்த்தேன். புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் ஆடியது, தண்ணீருக்குள் மீனின் நிழல் தெரிந்தது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். பிறகு பெட்டியைப் பார்த்தேன். அப்பாவின் பலகையில் இருந்து கார்டு இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டு, வேலி ஓட்டையில் மூக்கை நுழைத்த நாய்க்குட்டி மாதிரி என்னைப் பார்த்தது.

மரத்தூளைப் பெருக்கி, பெட்டிமேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டேன். அப்பா வந்து, "எதுக்கு துண்டு?" என்றார். "தூசி படாம இருக்கப்பா" என்றேன். "பாத்தியா, பொறுப்பு வந்துடுச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம். சாப்பிடும்போது அப்பா என் பின்னலில் இருந்து எதையோ எடுத்து, இரண்டு விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, கை கழுவப் போய்விட்டார். பேன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். அதன்பிறகு சீட்டி மட்டும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பொய். நீங்கள் நாளை காலை வந்து, "அத்தான், மரப்பெட்டி சூடாகும், காத்து போக முன்னாடி ஓட்டை வேணும், நான்தான் அவளை வெட்டச் சொன்னேன்" என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் விஷயத்தில் நீங்கள் எதைச் சொன்னாலும் அப்பா தலையாட்டுவார். ஏன் கோணல் என்று கேட்டால், காற்றுக்கு வளைவு வேண்டும் என்று ஏதாவது சொல்லுங்கள். அந்த ஆர்டர் போய்விட்டால் நான் எந்த முகத்தோடு இந்த வீட்டில் விளையாடுவேன்? இதற்குக் கைமாறாக உங்கள் பெண்ணுக்கு ஒரு வருடம் சண்டை போடாமல் தலை பின்னிவிடுகிறேன்.

சித்தப்பாவின் முதுகுக்கும், உங்கள் பெண்ணின் கன்னத்துக்கும், உங்கள் நல்ல மனசுக்கும் என் வணக்கங்கள்.

நாளை காலை வரை உங்கள் அன்புள்ள,
வாலு

பி.கு.: சித்தி, மேலே இருக்கும் எதையும் செய்ய வேண்டாம். இப்போது மறுநாள் மத்தியானம். பால் வாங்கப் போகவே முடியவில்லை, நான் எழுவதற்கு முன்பே அப்பா எழுந்துவிட்டார். போய்ப் பார்த்தால் துண்டு கீழே கிடக்கிறது, அப்பா பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "நேத்தே தெரியும்" என்றார். "தலையெல்லாம் தேக்குத் தூள். இந்த வீட்ல தேக்கு வேற எங்க இருக்கு?" நான் அழ ஆரம்பித்தேன். அவர் ஓட்டையை விரலால் தடவிக்கொண்டே, "உள்ள சூடு தேங்கும், முன்னாடி வெட்டணும்னு செஞ்ச அன்னிக்கே தோணிச்சு. இந்தப் பலகையில ரம்பம் வெக்க எனக்குக் கை வரலை. நீ வெச்சுட்டே" என்றார். பிறகு, "ஆனா இவ்ளோ கோணலாவா குட்டி?" என்றார். அவருக்கு வருத்தம் ஓட்டையில் இல்லை, கோணலில்தான்.

ஓரத்தை மறைக்க ஏதோ ஒரு கறுப்புப் பட்டையை அளவாக வெட்டிச் சுற்றி ஒட்டினார். கடைக்காரர் வந்தார். பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓட்டைக்கு முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "கார்டு மூக்கை நீட்டிப் பாக்குதுங்க! இதே மாதிரிதான் எனக்கு வேணும். இந்தக் கோணல்கூட மாறக்கூடாது" என்று ஆறு பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். அவர் போனதும் அப்பா ஒரு பழைய பலகையை எடுத்துக் கோணலாக அறுத்துப் பார்த்தார். நேராகவே வந்தது. மறுபடியும் அறுத்தார், இன்னும் நேராக வந்தது. "எனக்கு வராது. ஓட்டையெல்லாம் உன் பொறுப்பு" என்று ரம்பத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். இனி எனக்கு விளையாட நேரமே இருக்காது.

ஆகவே நீங்கள் காற்று பற்றிப் பொய் சொல்ல வேண்டாம். ஆனாலும் இது கையில் கிடைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வரத்தான் வேண்டும், ஏனென்றால் அப்பா சுற்றி ஒட்டிய அந்தக் கறுப்புப் பட்டை, வேன் கதவுக்குப் போட அம்மா வாங்கி வைத்திருந்த புது ரப்பர். கதவுக்கு இப்போது ஒரு முழம் குறைகிறது. அம்மா கீழே நின்று "இங்க வெச்ச ரப்பரை யார் எடுத்தது?" என்று கேட்கிற சத்தம் மாடிவரை வருகிறது. கம்ப்யூட்டருக்கு வேண்டும் என்று நீங்கள்தான் எடுத்துக் கொடுத்ததாக அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இதை நான் மட்டும் கேட்கவில்லை. அப்பாவும் என்னோடு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார், உங்களை விசாரித்ததாக எழுதச் சொல்கிறார்.